ரெஸில்மேனியாவுக்குப் போகும் வழி: ஒரு சீசனை முழுசாகப் பின்தொடர்வது எப்படி

படுகளத்தில் துரியோதனன் விழுவான் என்று தெரிந்துதான் ஊரே விடியவிடிய உட்கார்ந்து கூத்துப் பார்க்கிறது. "எல்லாம் ஏற்கெனவே எழுதி வைத்ததுதானே, அதில் என்ன சுவாரஸ்யம்?" என்று ரெஸ்லிங் ரசிகனைக் கேட்பவர்களுக்கு என்னிடம் இருக்கும் பதில் இதுதான். யார் ஜெயிப்பார் என்பது முன்பே முடிவு செய்யப்பட்டதுதான். அந்த முடிவுக்காக எண்பதாயிரம் பேரை ஏங்க வைப்பதில்தான் வேலையே இருக்கிறது. அந்த வேலை, டபிள்யூடபிள்யூஇ கம்பெனி வருடத்துக்கு ஒருமுறை நடத்தும் பெரிய நிகழ்ச்சியான ரெஸில்மேனியா (சுருக்கமாக மேனியா) நடக்கும் இரவில் நடப்பதில்லை. அதற்கு முந்தைய பத்துப் பன்னிரண்டு வாரங்களில் நடக்கிறது.

சின்ன வயதில் ட்ரம்ப் கார்டு வைத்து உயரம், எடை பார்த்து விளையாடி, அண்டர்டேக்கருக்கு ஏழு உயிர் என்று நம்பி, அப்புறம் பரீட்சை, வேலை என்று விட்டுப்போனவர்கள் நம்மில் நிறையப் பேர். அவர்களில் யாராவது ஒரு சீசனை மட்டும் ஒழுங்காகப் பார்க்கலாம் என்று நினைத்தால், அவர்களுக்காகத்தான் இது. புதிதாக வருபவர்களுக்கும் உதவும். நான் பாடமாக எடுத்துக்கொண்டது 2024-இல் ஃபிலடெல்ஃபியாவில் நடந்த நாற்பதாவது ரெஸில்மேனியாவுக்கான பாதை. நன்றாகத் தொடங்கி, நடுவில் தடம் புரண்டு, அந்தத் தடம் புரண்டதையே கதையாக்கி மீண்ட சீசன் அது. ஒரு பில்ட்-அப்பில் என்னென்ன நடக்கக்கூடுமோ அத்தனையும் அதில் இருக்கிறது.

முதலில் காலண்டர்

மேனியா பெரும்பாலும் ஏப்ரலில் நடக்கும். ஜனவரி கடைசியிலோ பிப்ரவரி முதல் நாளிலோ ராயல் ரம்பிள். பிப்ரவரி கடைசி அல்லது மார்ச் தொடக்கத்தில் எலிமினேஷன் சேம்பர். இந்த மூன்று கம்பங்களுக்கு நடுவே கட்டிய கயிறுதான் வாராந்திர நிகழ்ச்சிகள். ரா அமெரிக்காவில் திங்கள் இரவு, அதாவது நமக்குச் செவ்வாய் காலை. ஸ்மாக்டவுன் அங்கே வெள்ளி இரவு, இங்கே சனி காலை.

நேரத்தில் ஒரு சிக்கல் உண்டு. மார்ச் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை அமெரிக்காவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவிடுவார்கள். அதுவரை நமக்குக் காலை 6:30-க்குத் தொடங்கிய நிகழ்ச்சி, அன்றிலிருந்து 5:30-க்கே தொடங்கிவிடும். இதைத் தெரியாமல் எழுந்து வந்து, பாதி ப்ரோமோ (மைக் பிடித்துப் பேசும் காட்சி) முடிந்தபின் உட்காரும் ஆட்கள் வருடாவருடம் உண்டு. மேனியாவுக்கு இன்னும் சீக்கிரம் எழ வேண்டும். 2024-இல் இரண்டு நாளும் நமக்கு அதிகாலை 4:30-க்கு ஆரம்பித்தது, ஞாயிறு ஒன்று, திங்கள் ஒன்று. திங்கள் காலை அலுவலகம் இருப்பவர்கள் லீவு விஷயத்தை முன்பே பேசி வைத்துக்கொள்வது நல்லது. ஒரே இரவாக இருந்த மேனியா 2020-இல்தான் இரண்டு இரவாக ஆனது. கொரோனா காலத்தில் ஆளில்லாத கூடத்தில் நடத்தியபோது தொடங்கிய வழக்கம், கூட்டம் திரும்பி வந்த பிறகும் நிலைத்துவிட்டது.

இந்தியாவில் 2025 ஏப்ரல் முதல் எல்லாம் நெட்ஃபிளிக்ஸில் வருகிறது. அதற்கு முன் சோனி சேனல்களில். மணிக்கணக்கில் ஓடும் ராவை முழுசாகப் பார்த்தே ஆக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஆனால் எதைத் தள்ளலாம், எதைத் தள்ளக் கூடாது என்று தெரிய வேண்டும். மேட்சைத் தள்ளினாலும் பேச்சைத் தள்ளாதீர்கள். பாதையில் இருக்கும் வாரங்களில் ரிங்குக்குள் மைக் பிடிக்கும் பத்து நிமிடம்தான் சரக்கு.

படி 1: ரம்பிளில் ஜெயித்தவரை விட்டுவிட்டு மற்றவர்களைப் பாருங்கள்

ராயல் ரம்பிள் பாட் பேட்டர்சன் என்ற பழைய மல்யுத்த வீரரின் மூளையில் உதித்தது. முதல் ரம்பிள் 1988 ஜனவரியில் கனடாவின் ஹாமில்டனில் இருபது பேருடன் நடந்தது. ஜிம் டக்கன் ஜெயித்தார். அடுத்த வருடமே முப்பது பேர். இரண்டு பேரில் தொடங்கி, ஒன்றரை இரண்டு நிமிடத்துக்கு ஒருவராக உள்ளே வருவார்கள். மேல் கயிற்றைத் தாண்டி விழுந்து இரண்டு காலும் தரையில் பட்டால் அவர் அவுட். கடைசியில் மிஞ்சுபவருக்கு மேனியாவில் பட்டத்துக்கு மோதும் வாய்ப்பு. இந்தப் பரிசு 1993-இல்தான் விதியாக ஆனது. பெண்களுக்குத் தனி ரம்பிள் 2018-இல் வந்தது.

புதிதாகப் பார்ப்பவர் ஜெயித்தவர் யார் என்று மட்டும் பார்ப்பார். அது மறுநாள் செய்தியிலேயே கிடைத்துவிடும். யாரை யார் வெளியே தள்ளினார், தள்ளப்பட்டவர் எப்படித் திரும்பிப் பார்த்தார், எந்த இரண்டு பேர் ரிங்கில் தனியாக நின்றபோது கூட்டம் எழுந்தது என்பதுதான் குறித்து வைக்க வேண்டியது. 1990 ரம்பிளில் ஹல்க் ஹோகனும் அல்டிமேட் வாரியரும் சில நொடிகள் தனியாக எதிரெதிரே நின்றார்கள். இரண்டு பேருமே நல்லவர்கள், மோத வேண்டிய அவசியமே இல்லாதவர்கள். கூட்டம் போட்ட சத்தத்தில் அந்த வருடத்து டொரன்டோ மேனியாவின் முக்கிய மேட்ச் என்னவென்று ஊருக்கே தெரிந்துபோனது.

2024 ரம்பிள் ஜனவரி 27 அன்று ஃபுளோரிடாவில். கடைசியில் நின்றவர்கள் கோடி ரோட்ஸும் சிஎம் பங்கும். கோடி முந்தைய வருட ரம்பிளையும் ஜெயித்து, மேனியாவில் சாம்பியன் ரோமன் ரெய்ன்ஸிடம் தோற்றவர். பங்க் பத்து வருடம் கழித்து முந்தைய நவம்பரில்தான் திரும்பியிருந்தார், மேனியாவின் கடைசி மேட்சில் ஒருமுறையாவது ஆட வேண்டும் என்ற ஆசையோடு. கோடி அவரைத் தூக்கி எறிந்து இரண்டாவது முறை ஜெயித்தார். இது பெரிய கதை.

சின்னக் கதை அதே மேட்சுக்குள் யாரும் கவனிக்காமல் பிறந்தது. ட்ரூ மெக்கின்டயர் போட்ட ஒரு பிடியில் பங்கின் கைத்தசை நிஜமாகவே கிழிந்தது. இரண்டு நாள் கழித்து ராவில் பங்க் தன்னால் மேனியாவில் ஆட முடியாது என்று கலங்கிப் பேச, மெக்கின்டயர் வந்து, "இப்படி நடக்க வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டேன், நடந்துவிட்டது" என்ற பொருளில் பேசினார். அப்புறம் அதையே டி-ஷர்ட்டில் அச்சடித்துப் போட்டுக்கொண்டு திரிந்தார். விபத்தாக நடந்த ஒரு காயத்தை வன்மமாக மாற்றுவது எப்படி என்று பாடம் எடுத்த மாதிரி இருந்தது.

ரம்பிளில் கவனிக்க வேண்டிய இன்னொரு விஷயம் கூட்டத்தின் வெறுப்பு. 2014 பிட்ஸ்பர்க் ரம்பிளில் கூட்டத்தின் செல்லப்பிள்ளை டேனியல் பிரையன் வருவார் என்று எல்லோரும் காத்திருக்க, முப்பதாவது ஆளாக ரே மிஸ்டீரியோ வந்தார். ரே மிஸ்டீரியோவைப் பார்த்துக்கூட ஒரு கூட்டம் ஊளையிடும் என்று அதுவரை யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். அடுத்த வருடம் ஃபிலடெல்ஃபியாவில் ரோமன் ரெய்ன்ஸ் ஜெயித்தபோது, கை தூக்கிவிட அவர் உறவினரும் ஹாலிவுட் நடிகருமான தி ராக்கே வந்து நின்றும் அரங்கம் அடங்கவில்லை. கம்பெனி கை காட்டும் ஆளைக் கூட்டம் ஏற்கிறதா என்பதற்கு ரம்பிள்தான் முதல் சோதனை.

படி 2: பகையை ஒரே வரியில் எழுதிப் பாருங்கள்

இந்தப் படியில்தான் நான் அதிக நேரம் நிற்கப் போகிறேன். ஒரு மேட்ச் அறிவிக்கப்பட்டதும், "இவர் ஏன் அவரை அடிக்க வேண்டும்?" என்பதற்கு ஒரே வரியில் பதில் எழுதுங்கள். பதில் "பெல்ட்டுக்காக" என்று மட்டும் வந்தால் அந்த மேட்ச் உப்புச்சப்பில்லாமல்தான் இருக்கும், எவ்வளவு திறமைசாலிகள் ஆடினாலும் சரி.

1987-ஐப் பாருங்கள். ஹல்க் ஹோகனும் ஆந்த்ரே தி ஜெயன்ட்டும் நண்பர்கள். ராடி பைப்பர் நடத்திய பேட்டி மேடையில், மூன்று வருடம் சாம்பியனாக இருந்ததற்காக ஹோகனுக்கு ஒரு கோப்பை கொடுக்கிறார்கள். பதினைந்து வருடம் தோற்காதவர் என்று ஆந்த்ரேவுக்கும் ஒரு கோப்பை, ஆனால் சின்னது. ஆந்த்ரே முகம் சுருங்குகிறது. சில வாரங்களில், கொம்பு சீவி விடுவதில் கைதேர்ந்த பாபி ஹீனனைக் கூட்டிக்கொண்டு அதே மேடைக்கு வருகிறார். ஹோகனின் எதிரிகளுக்கெல்லாம் மேனேஜராக இருந்தவர் ஹீனன். அவர் பக்கத்தில் ஆந்த்ரே நிற்பதைப் பார்த்ததும் ஹோகனுக்குப் பேச்சு வரவில்லை. ஆந்த்ரே பட்டத்துக்கு மோதக் கேட்டார், கேட்டுவிட்டு ஹோகனின் சட்டையைப் பிடித்துக் கிழித்தார். கழுத்தில் கிடந்த சிலுவைச் சங்கிலியும் அறுந்து வந்தது. நெஞ்சில் கீறி ரத்தம். அடி, உதை எதுவும் கிடையாது. ஒரு சட்டை, ஒரு சங்கிலி, அவ்வளவுதான். பாண்டியாக் சில்வர்டோமில் 93,173 பேர் கூடினார்கள் என்று கம்பெனி இன்றுவரை சொல்கிறது. அந்த எண்ணைப் பற்றிச் சண்டை ஓயவில்லை என்றாலும், அரங்கம் நிரம்பி வழிந்தது என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

இதில் ஒரு வேடிக்கை. ஆந்த்ரேவை யாராலும் தூக்க முடியாது, அவர் தோற்றதே கிடையாது என்று சொல்லித்தான் அந்த மேட்சை விற்றார்கள். ஆனால் 1980-லேயே நியூயார்க்கின் ஷே ஸ்டேடியத்தில் ஹோகன் ஆந்த்ரேவைத் தூக்கிப் போட்டிருந்தார். பில்ட்-அப் என்பது பழசை நினைவுபடுத்தும் கலை மட்டும் அல்ல, வேண்டாத பழசை மறக்கடிக்கும் கலையும்கூட.

கோடிக்கு வருவோம். அவர் அப்பா டஸ்டி ரோட்ஸ் ரெஸ்லிங்கின் பெரும் பேச்சாளர், குழாய் ரிப்பேர்க்காரர் மகன் என்று சொல்லிச் சொல்லியே சாமானியர்களின் மனதைப் பிடித்தவர். 1977-இல் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் சூப்பர்ஸ்டார் பில்லி கிரஹாமை வென்றார். ஆனால் அது கவுன்ட்-அவுட் வெற்றி. எதிராளி ரிங்குக்குத் திரும்பாததால் கிடைத்த வெற்றிக்குப் பட்டம் மாறாது என்பது விதி. கடைசிவரை அந்தப் பட்டம் அவருக்குக் கிடைக்கவில்லை. 2015-இல் இறந்துபோனார். 2022-இல் கோடி திரும்பி வந்ததும் சொன்ன கதை இதுதான்: அப்பா விட்டதை மகன் எடுக்க வேண்டும். "கதையை முடிக்க வேண்டும்" என்பது அவர் வாயில் பல்லவியாகவே ஆனது. எதிரே இருந்த ரோமன் ரெய்ன்ஸ் 2020 ஆகஸ்டிலிருந்து பட்டத்தை விடாதவர், சமோவா வம்சத்தின் தலைவராகத் தம்பிமார்களை அடியாள்களாக வைத்திருப்பவர். அப்பாவின் குறையைத் தீர்க்க வந்த மகனுக்கு எதிரே குடும்பத்தையே ஆயுதமாக்கிய ஒருவன். இதை விளக்க ஆங்கிலம்கூடத் தேவையில்லை, நம் வீட்டுப் பாட்டிக்கும் புரியும்.

கெட்டவன் இருந்தால்தான் பகை என்பதும் இல்லை. 2009 மேனியாவில் அண்டர்டேக்கரிடம் தோற்ற ஷான் மைக்கேல்ஸுக்கு அந்தத் தோல்வி தூங்கவிடாத நோயாகப் போனது. மறு மேட்ச் கேட்டார், அண்டர்டேக்கர் மறுத்தார். 2010 எலிமினேஷன் சேம்பரில் ரிங்குக்கு அடியிலிருந்து வந்து அண்டர்டேக்கர் பட்டத்தை இழக்கக் காரணமானார். சரி, ஆடலாம், ஆனால் தோற்றால் நீ ரெஸ்லிங்கை விட்டே போக வேண்டும் என்றார் அண்டர்டேக்கர். மைக்கேல்ஸ் தோற்றார், போனார். இருவரில் யாரையும் வெறுக்க முடியாத மேட்ச் அது.

படி 3: மைக் யார் கையில், கடைசி வார்த்தை யாருடையது

ப்ரோமோவைப் பார்க்கும்போது மூன்று விஷயம். யார் முதலில் ரிங்கில் காத்திருக்கிறார், யார் நடுவில் இசை போட்டு நுழைகிறார், கடைசியில் கேமரா யார் முகத்தில் நிற்கிறது. பேச்சின் பொருளைவிட இந்த வரிசை அதிகம் சொல்லும்.

உதாரணத்துக்கு பெய்லி. 2024 பெண்கள் ரம்பிளை ஜெயித்த அவர், ஒரு கும்பலின் தலைவி. கும்பலில் இருந்த ஜப்பானிய வீராங்கனைகள் அவர் முன்னாலேயே ஜப்பானிய மொழியில் அவரைக் கிண்டல் செய்து சிரிப்பார்கள். பெய்லியும் புரியாதவர் போலக் கூடவே சிரிப்பார். வாரக்கணக்கில் இது ஓடியது, கவனிக்காதவர்களுக்கு வெறும் நகைச்சுவைக் காட்சி. பிப்ரவரி 2 ஸ்மாக்டவுனில், நீங்கள் பேசியதெல்லாம் எனக்குப் புரியும் என்று போட்டு உடைத்தார். சொந்தத் தோழி இயோ ஸ்கையிடமே பட்டத்துக்கு மோதப் போவதாக அறிவித்தார். ஒரு சின்ன முடிச்சைப் பொறுமையாகப் போட்டு, சரியான நேரத்தில் அவிழ்த்தார்கள். அன்றைக்கு இதைப் பற்றி யாரும் பேசவில்லை என்பதுதான் பாவம். காரணம், அதே இரவில் நடந்த இன்னொன்று.

படி 4: கதை தடம் மாறும் வாரத்தைத் தவறவிடாதீர்கள்

அதே பிப்ரவரி 2. ரம்பிளை ஜெயித்த கோடி ரிங்கில் ரோமனுக்கு நேரே நின்று, உன்னிடம் இருப்பதை எல்லாம் எடுத்துக்கொள்வேன், ஆனால் ரெஸில்மேனியாவில் அல்ல என்றார். பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு என்ன நடக்கிறது என்று புரிவதற்குள் தி ராக்கின் இசை. கோடி அவரிடம் ஓரிரு வார்த்தை பேசிவிட்டு ரிங்கை விட்டு இறங்கிப் போனார். ராக்கும் ரோமனும் முறைத்துக்கொண்டு நிற்க நிகழ்ச்சி முடிந்தது.

ஒரு வருடமாகக் காத்திருந்தவர்களுக்கு இது பந்தியில் உட்காரவைத்து இலையை எடுத்த கதை. அந்தக் காட்சியின் யூடியூப் வீடியோவுக்கு டிஸ்லைக் குவிந்தது. கோடியே வேண்டும் என்ற ஹேஷ்டேக் உலகம் முழுக்க ஓடியது. அடுத்த வாரம் ராவில் கூட்டம் ராக் பெயரைக் கேட்டாலே கத்தியது. இங்கே ஒரு பின்னணி தெரிந்திருந்தால் சுவை கூடும். சரியாகப் பத்து நாள் முன்புதான் ராக் டபிள்யூடபிள்யூஇயின் தாய் நிறுவனமான டிகேஓவின் இயக்குநர் குழுவில் நிஜமாகவே சேர்ந்திருந்தார். முதலாளி தன் செல்வாக்கால் உழைத்தவனின் இடத்தைப் பிடுங்கிக்கொண்டான் என்று ரசிகர்கள் நினைத்ததற்கு நிஜத்திலேயே இடம் இருந்தது.

பிப்ரவரி 8, லாஸ் வேகஸில் மேனியாவுக்கான பத்திரிகையாளர் நிகழ்ச்சி. ராக்கும் ரோமனும் தங்கள் வம்ச மரத்தைத் திரையில் காட்டிக்கொண்டிருக்க, கோடி மேடைக்கு வந்து தன் உரிமையைக் கேட்டார்: ரம்பிளை ஜெயித்தவன் நான், எதிராளியைத் தேர்ந்தெடுப்பது நான், நான் தேர்ந்தெடுப்பது ரோமன். அவர்கள் முன்னோரை இழுத்து அவர் பேசியதும் ராக் ஓங்கி ஓர் அறை விட்டார். அந்த ஒரு அறையில் ராக் வில்லன் ஆனார். மக்கள் ஏற்கெனவே அவர்மேல் வைத்திருந்த கோபத்தை அணைக்கப் பார்க்காமல், அதிலேயே குளிர்காய ஆரம்பித்தார்கள். இதைத்தான் நான் அந்த சீசனின் மிகப் பெரிய புத்திசாலித்தனமாகச் சொல்வேன். முதலிலிருந்தே இப்படித்தான் திட்டமா என்று இன்றும் வாதாடுபவர்கள் உண்டு. எனக்கு அந்த வாதத்தில் ஆர்வம் இல்லை. கூட்டத்தின் குரலைக் கேட்டுக் கப்பலைத் திருப்ப முடிந்ததா என்பதே கேள்வி.

2014-லும் இதுவே நடந்தது. பிரையனை ஒதுக்கிய கோபம் அடங்காமல் போக, மார்ச் 10 அன்று மெம்ஃபிஸில் பிரையன் ஒரு கூட்டத்தையே ரிங்குக்குள் கொண்டுவந்து நிரப்பி, மேனியாவில் தனக்கு இடம் வேண்டும், கோரிக்கை நிறைவேறாமல் நகர மாட்டேன் என்றார். கம்பெனியின் நிர்வாகியும் வீரருமான ட்ரிபிள் எச் இறங்கி வர வேண்டியதாயிற்று. நியூ ஆர்லியன்ஸ் மேனியாவில் ஒரே இரவில் முதலில் ட்ரிபிள் எச்சையும், கடைசியில் ஆர்ட்டன், பட்டிஸ்டா இருவரையும் வென்று பட்டம் வாங்கினார்.

படி 5: சேம்பர்

இதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். இரும்புக் கூண்டு, ஆறு பேர், இரண்டு பேர் தொடங்க மற்ற நால்வரும் கண்ணாடி அறைகளிலிருந்து சில நிமிட இடைவெளியில் வெளியே வருவார்கள். மேனியா அட்டவணையில் மிச்சமிருக்கும் ஓட்டையை அடைப்பதுதான் இதன் வேலை. 2024-இல் ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் நடந்ததால் நமக்கு மதியத்திலேயே பார்க்கக் கிடைத்தது. அபூர்வ வரம். மெக்கின்டயரும் பெக்கி லின்ச்சும் ஜெயித்தார்கள். ஆஸ்திரேலியாக்காரரான ரியா ரிப்ளி அன்றைய நிகழ்ச்சியின் கடைசி மேட்சை ஆடி வென்றார். சேம்பரில் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: இங்கே தோற்றவர்களில் யாருக்குத் தோல்வி அநியாயமாக நடந்தது? அவருக்கு மேனியாவில் ஒரு மேட்ச் தயாராகிறது என்று அர்த்தம்.

படி 6: கடைசி மூன்று வாரம்

பேச்சு குறைந்து அடி தொடங்கும் கட்டம். முதலில் நிபந்தனை வரும். ராக் வைத்த பந்தயம்: முதல் இரவு ராக்கும் ரோமனும் ஓர் அணி, கோடியும் செத் ராலின்ஸும் எதிரணி. கோடி அணி தோற்றால், இரண்டாம் இரவு பட்டத்துக்கான மேட்சில் ரோமன் குடும்பம் வைத்ததுதான் சட்டம், யார் வேண்டுமானாலும் உள்ளே வரலாம், எதைக் கொண்டும் அடிக்கலாம். நிபந்தனையைக் கேட்டதும் நீங்கள் யோசிக்க வேண்டியது, இது யாருக்குக் கதவைத் திறக்கிறது என்பதை. அத்தனை பேர் தலையிடச் சட்டம் இடம் கொடுக்கிறதென்றால், தலையிட ஆட்கள் வரப்போகிறார்கள்.

அப்புறம் மார்ச் 25, சிகாகோ பக்கத்து ரா. நிகழ்ச்சியின் தொடக்கத்தில் ராக் கோடியின் காதில் ஏதோ கிசுகிசுத்துவிட்டுப் போயிருந்தார். முடிவில் கோடியை அரங்கத்துக்கு வெளியே இழுத்துக்கொண்டு வந்தார். வெளியே நல்ல மழை. வண்டிகள் நிற்கும் இடத்தில், ஈரத் தரையில், கேமரா கண்ணாடியில் நீர் வழிய, கோடியை அடித்துக்கொண்டே இருந்தார். கோடி முகத்தில் வழியும் ரத்தம் மழையோடு கலந்து சட்டையில் இறங்கியது. ராக் கையில் இடுப்பில் கட்டும் ஒரு பெல்ட் (சாம்பியன் பெல்ட் அல்ல), அதில் கோடியின் அம்மாவைக் குறிக்கும் பெயர் பொறித்திருந்தது. மகன் ரத்தம் தோய்ந்த பெல்ட்டை அம்மாவுக்குப் பரிசாகத் தருவேன் என்று முன்பே மிரட்டியிருந்தவர், அந்த ரத்தத்தை எடுத்து பெல்ட்டில் தேய்த்தார். பின்னணி இசை இல்லை, கூட்டத்தின் சத்தம் இல்லை, மழைச் சத்தமும் ராக்கின் குரலும்தான். தொலைக்காட்சி ரெஸ்லிங்கில் இவ்வளவு கசப்பான பத்து நிமிடம் பல வருடமாக வந்ததில்லை. கதை அப்பாவிடம் தொடங்கி அம்மாவிடம் வந்து நின்றதைக் கவனியுங்கள்.

ரசிகர்களிடையே ஒரு கணக்கு உண்டு: மேனியாவுக்கு முந்தைய கடைசி நிகழ்ச்சியில் யார் நிமிர்ந்து நிற்கிறாரோ அவர் மேனியாவில் தோற்பார். பல வருடம் பலித்திருக்கிறது, சில வருடம் காலை வாரியிருக்கிறது. பந்தயம் கட்டாதீர்கள்.

இந்த மூன்று வாரமும் இணையத்தில் "உள்ளே இருந்து வந்த தகவல்" என்று தினம் ஒன்று வரும். திரைக்கதையை முன்கூட்டியே தெரிந்துகொள்வதில் இன்பம் காண்பவர்கள் படிக்கலாம். மற்றவர்கள் அந்தக் கணக்குகளை மியூட் செய்துவிடுங்கள்.

படி 7: மேனியா இரவில் பழைய பாக்கிகளை எண்ணுங்கள்

இதுவரை குறித்து வைத்ததெல்லாம் இங்கேதான் பயன்படும். ஏப்ரல் 6, முதல் இரவு. ராக் கோடியைப் பின் செய்து, அதாவது மூன்று எண்ணும்வரை தோளைத் தரையில் அழுத்தி, ஜெயித்தார். கதவு திறந்துவிட்டது.

இரண்டாம் இரவு முதல் மேட்சில் மெக்கின்டயர் செத்தை வென்று, அவர் வைத்திருந்த இன்னொரு உலகப் பட்டத்தை வாங்கினார். வாங்கியவர் சும்மா போயிருக்கலாம். வர்ணனை மேஜையில், கையில் கட்டோடு உட்கார்ந்திருந்த பங்கைப் போய்ச் சீண்டினார். பங்க் அடித்து வீழ்த்த, எப்போது வேண்டுமானாலும் பட்டத்துக்கு மோதலாம் என்ற ஒரு வாய்ப்பை முன்பே ஜெயித்துக் கையில் வைத்துக் காத்திருந்த டேமியன் ப்ரீஸ்ட் ஓடி வந்து பட்டத்தைத் தட்டிப்போனார். ஆறு நிமிடம்கூட மெக்கின்டயரிடம் பட்டம் இல்லை. ஜனவரியில் விபத்தாக விழுந்த விதை.

கடைசி மேட்சில் ஒருவர் மாற்றி ஒருவர் வந்ததைப் பார்த்துப் புதியவர்களுக்குக் குழப்பம், பழையவர்களுக்குக் கண்ணீர். ரோமனுக்காக அவர் குடும்பத்து அடியாள் ஜிம்மி ஊசோ வந்தார். அண்ணன் தம்பிப் பகை பாக்கி இருந்த ஜே ஊசோ அவரை இழுத்துப்போனார். ரோமனின் இன்னோர் அடியாள் சோலோ சிகோவா வந்தார். சில மாதம் முன்பு அவரிடம் மோசமாக அடி வாங்கிய ஜான் சீனா வந்து கணக்குத் தீர்த்தார். சீனாவைத் தடுக்க ராக் வந்தார், பத்து வருடத்துக்கு மேலான பழைய எதிரி. மணி ஒலித்தது, விளக்கு அணைந்தது, ராக்கின் தொண்டையைப் பிடித்து நின்றவர் அண்டர்டேக்கர்.

ஆனால் மேட்சைத் தீர்த்தது இவர்கள் யாரும் இல்லை. செத் ராலின்ஸ் அன்று தன் பழைய ஷீல்டு உடையில் வந்திருந்தார், ரோமனோடு ஒரே அணியில் இருந்த காலத்து உடை. 2014 ஜூன் 2 அன்று அதே உடையில்தான் ரோமனின் முதுகில் நாற்காலியால் அடித்துத் துரோகம் செய்தார். இப்போது ரோமன் கையில் நாற்காலி. ஒரு பக்கம் எழ முடியாமல் கோடி, இன்னொரு பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு செத். ரோமன் இருவரையும் பார்த்தார். கோடியை அடித்தால் பட்டம் நிலைக்கும். அவர் செத்தின் முதுகில் ஓங்கி அடித்தார். அந்த இடைவெளி கோடிக்குப் போதும். கோடியின் முத்திரை அடியான கிராஸ் ரோட்ஸ் மூன்று முறை, ஒன்று, இரண்டு, மூன்று. 1,316 நாள் ஆட்சி முடிந்தது. பத்து வருட வன்மம் ஒரு ராஜாவின் கிரீடத்தை விழ வைத்தது என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. நாற்காலியைத் தெரிந்தவர்களுக்குத் தெரிந்தது.

கெட்டுப்போன பாதையும் பார்க்க வேண்டும்

2025 மார்ச் 1, டொரன்டோவில் எலிமினேஷன் சேம்பர். ராக் கோடியிடம் ஆன்மாவைக் கேட்டார், அதாவது தன் ஆளாக இருக்கச் சொன்னார், கோடி மறுத்தார், ராக் கண்காட்ட, இருபது வருடம் நல்லவனாகவே இருந்த ஜான் சீனா கோடியை அடித்து வீழ்த்தினார். அரங்கமே வாயடைத்துப் போனது. அதற்குப் பிறகு ராக் வரவே இல்லை. கூட்டுச் சதி ஏன், கைம்மாறு என்ன என்று ஒருவரும் சொல்லவில்லை. லாஸ் வேகஸ் மேனியாவில் பாடகர் டிராவிஸ் ஸ்காட் வந்து தலையிட, சீனா கோடியை வென்று பதினேழாவது முறையாக உலகப் பட்டம் வாங்கினார். சாதனை சரி. ஆனால் திறந்த கதவை மூடாமல் விட்டால் எப்படி இருக்கும் என்பதற்கு அந்தக் கடைசி இருபது நிமிடத்தைவிட நல்ல சான்று கிடையாது. படி 2-இல் சொன்ன ஒரு வரியை அந்த மேட்சுக்கு எழுதிப் பாருங்கள், பேனா நகராது.

மறுநாளையும் விடாதீர்கள்

மேனியா முடிந்த மறுநாள் ராவைப் பலர் தூக்கத்துக்குப் பலி கொடுத்துவிடுவார்கள். உலகம் முழுவதிலிருந்தும் வந்த ரசிகர்கள் ஊருக்குத் திரும்பாமல் அன்றைக்கும் அரங்கில் இருப்பார்கள். வருடத்திலேயே அதிகச் சத்தம் போடும் கூட்டம் அதுதான். 2024-இல் அன்று ராக் வந்து, இப்போது போகிறேன், உனக்காகத் திரும்பி வருவேன் என்று கோடியிடம் சொல்லி, கையில் எதையோ வைத்து அழுத்திவிட்டுப் போனார். புதுக் கணக்கு அங்கேயே தொடங்கிவிட்டது.

முழு சீசனுக்கு நேரம் இல்லை, ஒரே ஒரு மாலைதான் இருக்கிறது என்பவர்கள் 2024-ஐ இந்த வரிசையில் பாருங்கள்: ரம்பிளின் கடைசிப் பத்து நிமிடம், பிப்ரவரி 2-இன் ரோமன்-கோடி-ராக் காட்சி, அதே நாள் பெய்லி, பிப்ரவரி 8-இன் அறை, மார்ச் 25-இன் மழை. இவற்றை முடித்துவிட்டு இரண்டாம் இரவின் முதல் மேட்சையும் கடைசி மேட்சையும் போடுங்கள். நடுவில் 2014 ஜூன் 2-இன் நாற்காலிக் காட்சியை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது, இரண்டு நிமிடம்தான் ஆகும்.